பூச்சி ஆட்டமும் என் மச்சானும்

என் மச்சான் என்னோடு இருபத்தேழு நாள் பேசவில்லை. அதுவும் மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று முடிவான பிறகு. ஏன் என்று கேட்டவர்களிடம் என் மனைவி, "எல்லாம் ஒரு பூச்சியாலதானுங்க" என்று மட்டும் சொல்லி முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை.

மச்சான் என்றது மனைவியின் அண்ணனை. தொண்டாமுத்தூரில் தென்னையும் தக்காளியும் வைத்திருக்கிறார். எங்கள் பக்கம் பெண்ணின் தாய்மாமன் முன்னால் நிற்காமல் கல்யாணத்தில் ஒரு சீரும் தொடங்காது. மாப்பிள்ளை வீட்டார் பாயில் உட்காரும் முன்பே, "மாமன் எங்கீங்க?" என்றுதான் கேட்பார்கள். என் மகளோ, "மாமா வராட்டி நான் மணையில உக்காரவே மாட்டனுங்ப்பா" என்று சொல்லிவிட்டாள். ஆக, என் வீட்டுக் கல்யாணம் ஒரு மனிதர் வாய் திறப்பதில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வாயை மூட வைத்தவன் நான்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். துடியலூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் வேலை. ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை லீவில் சும்மா போய் உட்கார்ந்தேன். எனக்கு ஐம்பத்தொரு வயதாகிறது, அந்த லீவு இன்னும் முடியவில்லை.

காயில் கட்டுவது என்றால் பெரும்பாலும் எண்ணுவதுதான். கைப்பிடியைச் சுற்றச் சுற்றச் செம்புக் கம்பி அச்சில் ஏறும். அறுபத்திரண்டு சுற்று என்றால் அறுபத்திரண்டு. நடுவில் எண்ணிக்கை விட்டுப்போனால் எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி ஒன்றிலிருந்து. அதனால் எங்கள் பட்டறையில் எண்ணுகிறவனிடம் யாரும் பேச மாட்டார்கள். முதலாளியே வந்து நின்றாலும் நாங்கள் திரும்ப மாட்டோம். மோவாயைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுவோம். எண்ணி முடிக்கும்வரை அவரும் நிற்பார். எனக்குச் சின்ன வயதிலிருந்தே கூச்சம். நான்கு பேர் இருக்கிற இடத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். பேசாமல் இருப்பதற்குச் சம்பளம் தருகிற தொழில் கிடைத்ததும் அப்படியே ஒண்டிக்கொண்டேன்.

ஆனால் பட்டறைக்கு வெளியே எங்கள் ஊர் வழக்கம் வேறு. வந்தவரை "வாங்க" என்று கேட்காமல் விடக் கூடாது. பத்துப் பேர் சேர்ந்து வந்தாலும் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். மொத்தமாக ஒரு "வாங்க" போட்டால் அது யாருக்கும் சேராது. "அவங்கூட்டுக்குப் போனேன், வாங்கன்னு ஒரு வார்த்த கேக்கல" என்று தொடங்கிய பகைகள் பேரன் பேத்தி வரைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. நானும் கேட்பேன். சத்தம் சட்டைப் பைக்கு மேலே வராது, ஆனாலும் கேட்பேன்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பேக்கரி. அங்கே மாவு பிசைகிற மெஷினின் மோட்டார் எரிந்துபோய்க் கட்டிக் கொடுத்தேன். மாட்டி ஓட்டிக் காட்டியதும் கடைக்காரர், "மேல ஒரு மெஷின்ல ஃபேன் சத்தம் போடுதுங்க, அதையும் ஒரு பார்வ பாத்துருங்களேன்" என்றார். மாடியில் ஆள் உயரத்துக்கு ஆறு மரப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் டிவி மாதிரி ஒரு கண்ணாடி, ஒரு குச்சி, ஒரு பொத்தான். எங்கெங்கோ மூடிப்போன விளையாட்டுக் கடைகளில் தேடி வாங்கி வந்து ரிப்பேர் செய்து வைத்திருந்தார். இந்த ஆட்டங்களைப் பார்த்ததும் சின்ன வயது ஞாபகம் வந்துவிடுகிறது என்று அங்கே வருகிறவர்கள் சொல்வார்கள். எனக்கு ஒரு ஞாபகமும் வரவில்லை. சின்ன வயதில் நான் இதையெல்லாம் கண்ணால் பார்த்ததே இல்லை. எனக்கு இது புத்தம்புதுச் சாமான்.

ஃபேனைச் சரிசெய்தேன். "ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க, சூடேறுதான்னு தெரியும்" என்றார் அவர். வரிசை வரிசையாகப் பூச்சிகள் மேலிருந்து இறங்கி வந்தன. கீழே நம்முடைய குட்டிக் கப்பல். குச்சியால் நகர்த்தி, பொத்தானை அமுக்கிச் சுட வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு மூன்று கப்பல். பூச்சி ஒன்றுக்குப் பத்துப் புள்ளி. அவ்வப்போது எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிவப்பு வண்டு குறுக்கே பறந்து போகும், அதைச் சுட்டால் ஐம்பது. நான் பத்து நிமிடத்தில் இறங்கி வந்திருக்க வேண்டும். கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மேலே வந்து என்னைக் கூப்பிட்டார்.

வீட்டில் மனைவி கேட்டாள். "மோட்டாரு அவ்வளவு மோசமாவா எரிஞ்சு போச்சுங்க?"

"ம்" என்றேன்.

மாதாமாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே போட்டி. எல்லோருக்கும் ஒரே ஒரு ஆட்டம். முதலில் வருகிறவருக்கு ஒரு கிலோ கேக், மேலே 'முதல்' என்று கிரீமில் எழுதியிருக்கும். கேக் பெரிதல்ல. சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. அதில் புள்ளிக் கணக்கைச் சாக்பீஸில் எழுதி, அடுத்த போட்டி வரைக்கும் அழிக்காமல் வைத்திருப்பார் கடைக்காரர். பெயரை எழுத மாட்டார், தொழிலை எழுதுவார். என்னை 'மோட்டார்' என்று எழுதினார். நான் கட்டிய காயில்கள் எத்தனையோ கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கின்றன. மூடி போட்டு நான்கு போல்ட்டை முறுக்கிவிட்டால் உள்ளே என் கை இருப்பது யாருக்கும் தெரியாது. பலகையில் இருந்தது எல்லோருக்கும் தெரிந்தது. கீழே டீ குடிக்க வந்தவர்கள்கூட ஏறி வந்து, "யாருங்க இந்த மோட்டாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நான் பக்கத்தில்தான் நின்றிருப்பேன். நான்தான் என்று சொன்னதில்லை. ஆனால் அந்த ஒரு வரிக்காக மாதம் முழுக்கக் காத்திருந்தேன்.

முதல் சில மாதம் மேல் வரி 'கயிறு' என்பவரிடம் இருந்தது. உக்கடத்தில் தேங்காய்நார்க் கயிற்றுக் கடை வைத்திருக்கும் பாய். அறுபது வயதுக்கு மேல். வாய் ஓயாது. ஆடும்போதே பூச்சிகளோடு பேசுவார். "எங்கடா போறே, நில்லுடா, உங்கப்பன எனக்குத் தெரியும்டா" என்பார். என்னை ஊரே கேட்கும்படி, "வாய்யா ஊமச்சாமி, இன்னிக்கு எத்தனாவது தோக்கப் போறே?" என்று வரவேற்பார். அவர் என்ன சொன்னாலும் கோபம் வராது, அப்படி ஒரு முகம்.

சிவப்பு வண்டைச் சுட்டால் சில நேரம் ஐம்பது வந்தது, சில நேரம் நூறு, எப்போதாவது முந்நூறு. எல்லோரும் அதிர்ஷ்டம் என்றார்கள். என்னால் எண்ணாமல் இருக்க முடியாது, நான் குண்டுகளை எண்ணினேன். இரண்டு மாதம் எண்ணியதில் பிடிபட்டுவிட்டது. பதினைந்தாவது குண்டு பட்டால் முந்நூறு. பிறகு மறுபடி ஒன்றிலிருந்து எண்ணி அடுத்த பதினைந்தாவது. ஒரு குண்டு தவறினாலும் கிடைக்காது. அந்த மாதம் 'மோட்டார்' மேல் வரிக்குப் போனது. அடுத்த மாதமும்.

பாய் என் பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு, உன் உதடு ஆடுதே. என்ன ஓதறே?"

"ஒண்ணும் இல்லீங்க பாய்."

"எண்ணறான்யா!" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். "இவன் குண்ட எண்ணறான்யா! அடப்பாவி, நான் அம்பது வருசமா கயிற மொழம் போட்டு எண்ணுனவன், எனக்குத் தோணலியே!"

அடுத்த போட்டியில் நான் ஒன்பதாவது குண்டில் இருந்தேன். பின்னால் பாய் குரல்.

"கண்ணு, இவரு என் சகல. கருமத்தம்பட்டி. போன வருசம் போர் மோட்டாரு கட்டிக் குடுத்தியே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. "வாங்க" என்றேன். ஒன்பதா, பத்தா? தெரியவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து பிடித்தேன். ஏழு வரும்போது, "இவரு எங்க சம்மந்தி." "வாங்க." அப்புறம் பதின்மூன்று. கையெட்டும் தூரத்தில் வண்டு வந்துகொண்டிருந்தது. "கண்ணு, இவரு எங்க பெரிய மச்சான். இப்பத்தான் ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்திருக்காரு."

அப்படிப்பட்டவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு 'வாங்க' சொல்ல முடியுமா? முழுதாகத் திரும்பிக் கும்பிட்டேன். அவரும் நிதானமாக என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரித்தார். அவர் கையை விட்டபோது என் கடைசிக் கப்பல் வெடித்து முடிந்திருந்தது. கூடமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பாய் கேக்கை வாங்கி முதல் துண்டை எனக்கே ஊட்டினார்.

"இது நாயமுங்களா?" என்று எனக்காக யாரோ கடைக்காரரிடம் கேட்டார்கள்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "வந்தவங்கள வாங்கன்னு கேக்கக் கூடாதுன்னு ரூல் போட முடியுங்களா? அப்பறம் என் கடைக்கு யாருங்க வருவா?"

அதற்கு அடுத்த மாதம் நான் இரண்டு காதிலும் பஞ்சு அடைத்துக்கொண்டு போனேன்.

அப்படி ஒரு ஆட்டம் நான் அதற்கு முன் ஆடியதில்லை. முந்நூறு, முந்நூறு, முந்நூறு. இரண்டு கப்பல் மிச்சம் இருக்கும்போதே பாயின் கணக்கைத் தாண்டிவிட்டேன். கண்ணாடியில் பின்னால் யாரோ வந்து நிற்பது நிழலாகத் தெரிந்தது. வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல் ஒரு குரல். பாய் யாரையோ கூட்டி வந்துவிட்டார் என்று நினைத்தேன். எண்ணிக்கை பன்னிரண்டு. குரல் மறுபடி வந்தது. பதின்மூன்று. மறுபடியும். நான் பட்டறைப் பழக்கத்தில், திரும்பாமல், மோவாயை மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டினேன். பதினைந்தாவது குண்டு வண்டின் நடு வயிற்றில் பட்டது.

ஆட்டம் முடிந்து திரும்பினால் யாரும் கை தட்டவில்லை. பாய் வந்து தன் கையாலேயே என் காதுப் பஞ்சைப் பிடுங்கினார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை.

"கண்ணு, வந்தவரு என் ஆளு இல்ல."

"யாருங்க?"

"மாப்ளன்னு கூப்புட்டாரு உன்னய. மூணு தடவ."

மெஷினின் தலைமேல் ஒரு தாள் இருந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி. தாய்மாமன் என்ற வரியில் தன் பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, எனக்கும் காட்டிவிட்டு அச்சுக்குக் கொடுக்க வந்திருக்கிறார். வீட்டில் மனைவி, "பேக்கரி மாடியில இருப்பாருங்ண்ணா" என்று பெருமையாக அனுப்பி வைத்திருக்கிறாள்.

அன்று பலகையில் என் வரிக்கு மேலே யாரும் இல்லை. நான் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து மனைவியும் நானும் தொண்டாமுத்தூர் போனோம். வெறுங்கையோடு போக வேண்டாம் என்று நான் கேக்கை எடுத்துக்கொண்டேன். வாசலில் மச்சான் தக்காளியைப் பெட்டிகளில் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்து, "வா அம்மணி" என்றார். அடுத்த தக்காளியை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். நான் என்கிற ஆள் அங்கே இல்லை. சமையலறை வாசலில் இருந்து அவர் மனைவி, "வாங்க" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்கள். அதற்கும் ஒரு முறைப்பு கிடைத்தது.

"அம்மணி, உங்கூட்டுக்காரருக்குத் தண்ணி வேணுமான்னு கேளு."

நான் தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டறாரா? மோவாய்க்கு இன்னிக்கு லீவாட்ட இருக்குது."

"அண்ணா, அவருக்குக் கேக்கலீங்ண்ணா. காதுல பஞ்சு வெச்சிருந்தாருங்க" என்றாள் மனைவி.

"நாங் கூப்படறது கேக்கக் கூடாதுன்னா?"

"அய்யோ, உங்களுக்குன்னு வெக்கலீங்ண்ணா. வேற யாராச்சும் வந்தா வாங்கன்னு சொல்லாம இருக்கறதுக்கு."

இதைச் சொல்லி முடித்ததும் இது இன்னும் மோசம் என்று அவளுக்கே தெரிந்துவிட்டது.

மச்சான் ஒரு தக்காளியைக் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "அம்மணி, போன வாரம் காட்டுக்குள்ள ஆன வந்துச்சு. வேலியப் பிச்சுப்போட்டு, நாலு தென்னங்கன்ன முறிச்சுப்போட்டுப் போச்சு. போறப்ப நான் டார்ச் அடிச்சனா, நின்னு, திரும்பி, என்னய நல்லா ஒரு பார்வ பாத்துட்டுத்தான் போச்சு. ஆனைக்குத் தெரிஞ்சிருக்குது."

அப்போதுதான் அவர் மனைவி ஒன்றும் தெரியாமல் கேக் பெட்டியைத் திறந்து தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்கள். 'முதல்' என்ற எழுத்து அப்படியே இருந்தது. மச்சான் அதைக் குனிந்து படித்தார்.

"இது எதுக்குக் குடுத்தது?"

மனைவி முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள். அவருக்குப் புரிந்துவிட்டது. தட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டுத் தக்காளிக்குத் திரும்பினார்.

வரும் வழியில் மொபெட்டின் பின்னால் இருந்து மனைவி சொன்னாள். "நீங்க ஒரே ஒரு வார்த்த பேசியிருக்கலாமுங்க. பூச்சி முன்னாடி பேசாம நின்னா செரி. எங்கண்ணன் முன்னாடியுமா?"

நாட்கள் போயின. பத்திரிகையின் மாதிரித் தாள் அலமாரியில் கிடந்தது. மகள் என்னிடம் கோபித்துக்கொள்ளவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. பாய் இரண்டு தடவை பட்டறைக்கே வந்து, "நான் போயி அவரு கால்ல விழட்டா கண்ணு? என்னாலதான வந்துது" என்றார். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். முதல் தடவையாக எண்ணிக்கையை விட்டுவிட்டு நிமிர்ந்து, "நானே போறனுங்க பாய்" என்றேன். ஐம்பத்தெட்டுச் சுற்று வீணாகிப்போனது.

போட்டிக்கு முந்தின நாள் தனியாகப் போனேன். சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம். அதை வழி நெடுக மொபெட் சத்தத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். மச்சான் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், நாளைக்குப் பத்து மணிக்கு பேக்கரிக்கு வாங்க. நான் ஆடறப்ப நீங்க வரோணுமுங்க."

சொல்லிவிட்டேன். அவர் மாட்டின் கழுத்தைத் தடவினார். என்னோடு பேசுவதில்லை என்ற விரதத்தை விடவில்லை, மாட்டிடம்தான் சொன்னார்.

"ஏஞ்சாமி, ஒரு முதுகப் பாக்கறதுக்கு இங்கிருந்து துடியலூர் வரைக்கும் போகோணுமாக்கும்?"

மாடு ஒன்றும் சொல்லவில்லை. நானும் வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காதில் பஞ்சு இல்லை. மச்சான் வந்தால், எத்தனையாவது குண்டில் இருந்தாலும், குச்சியை விட்டுவிட்டு முழுதாகத் திரும்பிக் கும்பிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "வாங்க மச்சான்" என்று கேட்பது. இதுதான் என் திட்டம். இருபது பேருக்கு முன்னால் தோற்றுக் காட்டிவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன்.

கூடத்துக்குள் போனதிலிருந்து எனக்குப் படிக்கட்டைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படவில்லை. என் முறை வந்தது. தொடங்கினேன். பதினொன்று, பன்னிரண்டு. படியில் செருப்புச் சத்தம். மரப்படி நன்றாகவே சத்தம் போடும். இரண்டு கையையும் எடுத்தேன், திரும்பினேன், கும்பிட்டேன், "வாங்க!" என்றேன். இருபது லிட்டர் தண்ணீர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவர் பயந்துபோய் கேனை இறக்கிவைத்துவிட்டுத் திருப்பிக் கும்பிட்டார். பின்னால் என் முதல் கப்பல் வெடித்தது.

சரி, இன்னும் இரண்டு இருக்கிறது. நான்கு, ஐந்து, ஆறு. மறுபடி செருப்பு. "வாங்க!" பாத்ரூம் எங்கே என்று கேட்க வந்த ஒரு பெரியவர். "வந்தனுங்க, வந்தனுங்க. எந்தூருங்க நீங்க? பாத்த மாதிரியே இருக்குதே" என்று அவர் உறவு கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டார். இரண்டாவது கப்பலும் போனது.

மூன்றாவது கப்பலில் எனக்கு எண்ணவே தோன்றவில்லை. படியிலேயே காது. பூச்சிகள் தலைமேல் வந்துவிட்டன. சத்தம் கேட்டது. திரும்பினேன். "வாங்க மச்சான்!" என்று முறை சொல்லியே சத்தமாகக் கேட்டேன். அது முன்பே வந்திருந்த பாயின் சகலை, கீழே போய் டீ குடித்துவிட்டு வந்தவர். "ம், வந்துட்டேன் மச்சான்" என்றார் அவரும் பெருந்தன்மையாக.

மொத்தம் முந்நூற்றுப் பத்து. கடைக்காரர் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு பலகைக்கும் எனக்குமாகப் பார்த்தார். "இத எழுதட்டுங்களா?"

அப்போது கடைசி மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், கேக் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த மூலையிலிருந்து ஒரு சத்தம். குக்கர் விசில் வருவதற்கு முன் உள்ளே குமுறுமே, அந்த மாதிரி. மச்சான் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். துண்டை வாயில் அடைத்துக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பாய். இருவர் கண்ணிலும் தண்ணீர்.

நான் போய் முன்னால் நின்றேன். இருந்த ஒரு வாக்கியத்தையும் யார் யாருக்கோ கொடுத்துத் தீர்த்துவிட்டேன். "வாங்க மச்சான்" என்றேன், சட்டைப் பைக்கு மேலே வராத பழைய குரலில்.

"வந்து அர மணி நேரமாச்சுங்க மாப்ள" என்றார். துண்டால் கண்ணைத் துடைத்தார். "ஒம்பதே முக்காலுக்கே வந்து சத்தங் காட்டாம பொட்டாட்ட உக்காந்துட்டேன். யாராச்சும் வாரப்ப நீங்க முதுகக் காட்டறீங்களான்னு பாக்கலாம்னுதான். நீங்க என்னடான்னா அந்தத் தண்ணி கேன்காரருக்குக் கும்புடு போட்டீங்க பாருங்க... எங்கப்பனுக்குக்கூட நீங்க அப்படிக் கும்புட்டதில்லீங்க."

"நான் சொல்லோணும்னுதான் பாத்தேன் கண்ணு" என்றார் பாய். "இவருதான் வாயப் பொத்துனாரு."

"பொத்தாட்டி இந்தக் கூத்து கெடச்சிருக்குங்களா?"

அடுத்தது பாயின் முறை. நான் அடியில் கிடந்ததால் அவருக்குப் போட்டியே இல்லை. பூச்சிகளைத் திட்டிக்கொண்டே உற்சாகமாக ஆடினார். ஆனால் மச்சானுக்கு அவர் என்ன கடை வைத்திருக்கிறார் என்பது அந்த அரை மணி நேரத்தில் தெரிந்திருந்தது. எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார்.

"ஏனுங்க பாய், நம்மகிட்ட தேங்காமட்ட மலையாட்டக் குமிஞ்சு கெடக்குதுங்க. நாரு யாரு எடுக்கறாங்க இப்ப?"

"அது... உக்கடத்துக்கு வாங்க, பேசிக்கலாம்..." பாயின் கண் கண்ணாடியிலேயே இருந்தது.

"வாரனுங்க. பச்ச மட்டயாங்க, காஞ்சதாங்க, எது தோதுப்படும்?"

மரியாதையாகக் கேட்கிற மனிதருக்குப் பாய் எப்படிப் பதில் சொல்லாமல் இருப்பார்? அதுவும் தொழிலைப் பற்றிக் கேட்டால்? பச்சை மட்டையை எத்தனை நாள் ஊற வைக்க வேண்டும் என்று ஒரு கையால் காட்டினார். அந்தக் கை பொத்தானில் இருக்க வேண்டிய கை. முதல் கப்பல் போனது. நார் நீளம் எவ்வளவு இருக்க வேண்டும் என்று இரண்டு கையாலும் காட்டினார். இரண்டாவதும் போனது. மூன்றாவது போனபோது அவர் ஆட்டத்தை விட்டுவிட்டு முழுதாக மச்சான் பக்கம் திரும்பியிருந்தார். மச்சான் இதை வேண்டுமென்று செய்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால், "தேங்காமட்ட நெசமாலுமே கெடந்துச்சுங்க" என்கிறார்.

அன்றைக்கு முதல் வந்தது ஒரு பெண்மணி. ஏதோ வேலையாக வெளியூரிலிருந்து வந்தவர், கீழே பஃப்ஸ் சாப்பிட வந்து போட்டியென்று தெரிந்து பேர் கொடுத்தவர். அவரை அங்கே யாருக்கும் தெரியாது. அவருக்கும் யாரையும் தெரியாது. அதனால் அவரை யாரும் விசாரிக்கவில்லை, அவரும் யாருக்கும் திரும்பவில்லை. அமைதியாக நின்று சுட்டுத்தள்ளிவிட்டு, கேக்கை வாங்கிக்கொண்டு போய்விட்டார். என்ன தொழில் என்று கேட்க மறந்துவிட்ட கடைக்காரர் மேல் வரியில் 'புதுசு' என்று எழுதினார். கடைசி வரியில் 'மோட்டார் 310'. பொய் சொல்வானேன், அதை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ஒரு மாதம் முழுக்க அது அங்கேதான் இருக்கும். டீ குடிக்க வருகிறவர்கள் ஏறி வந்து பார்ப்பார்கள்.

மச்சானும் போவதற்கு முன் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தார். குச்சியை மண்வெட்டி மாதிரி பிடித்தார். ஒரு நிமிடத்துக்குள் மூன்று கப்பலும் முடிந்தன. "இதுக்கு மருந்து அடிக்கறதுதான் செரிங்க, சுட்டெல்லாம் ஆகாது" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்.

படியில் முதலில் அவர் இறங்கினார், பின்னால் நான். பாதிப் படியில் நின்று, திரும்பி, என் முகத்தைப் பார்த்தார். மன்னிப்பு என்றோ கோபம் போய்விட்டது என்றோ ஏதாவது சொல்லப் போகிறார் என்று நினைத்து நான் ஒரு படி மேலே ஏறிக்கொண்டேன்.

"பந்திக்கு எல எத்தன கட்டு வேணும்னு தங்கச்சிகிட்டக் கேட்டுச் சொல்லுங்க மாப்ள. தை மாசம் எலைக்கு அடிதடியா இருக்கும். வாழத்தோட்டத்துக்காரருகிட்ட இப்பவே சொல்லி வெக்கோணும்."

"செரிங்க மச்சான்" என்றேன்.